நுணுக்குக்காட்டியின் முன் ஒரு பணி
உயிர்மருத்துவ விஞ்ஞானம் கற்க எண்ணும் பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து இரண்டு வாரம் கழிந்திருக்கும். வட்டுக்கோட்டையிலே எமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைப் பார்க்கச் சென்றிருந்தோம். வழக்கமாகக் கலகலப்பான அந்த வீட்டில் அன்று பேச்சுச் சத்தமே இல்லை. மூத்த பிள்ளை உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி பெற்றிருந்தாள். ஆயினும் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளிக்கு அது போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“சுவாமி, இவள் சின்ன வயசிலயிருந்து டொக்டருக்கெண்டுதான் படிச்சவள். இப்ப சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறது?” என்று தாயார் கண்கலங்கினார்.

தகப்பனாருக்கோ வேறொரு யோசனை. இலண்டனில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில், “பயோமெடிக்கல் சயன்ஸ் படிக்கட்டும், அதுவும் டொக்டர் மாதிரித்தான்” என்று சொல்லியிருக்கிறார். கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டமொன்றுக்கு மாணவரைச் சேர்ப்பதாக விளம்பரமும் பார்த்திருக்கிறார். வீட்டோடு சேர்ந்த காணித் துண்டை ஈடு வைக்கலாமா என்பதே அவருடைய கேள்வி.

பிள்ளை இவ்வளவு நேரமும் கதவோரம் நின்றாள். கடைசியில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “சுவாமி, அது என்ன படிப்பு?”

அந்த வீட்டில் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளில் இதுவே முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது. ஆனால் அதற்குத்தான் ஒருவரிடமும் விடை இருக்கவில்லை. இதே நிலையிலுள்ள குடும்பங்கள் நம் பங்குகளில் பல என்பதால், அன்று அவளுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே தருகின்றோம்.

அது என்ன படிப்பு?

மனித உடல் சுகமாக இருக்கும்போது எவ்வாறு இயங்குகிறது, நோயுறும்போது அதில் என்ன மாறுகிறது, அந்த மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, மருந்து அதை எவ்வாறு சீராக்குகிறது என்பவற்றை ஆராயும் விஞ்ஞானமே உயிர்மருத்துவ விஞ்ஞானம். மருத்துவர் நோயாளியின் கட்டிலருகே நிற்கிறார். இத்துறையைக் கற்றவர் நோயாளியின் குருதித் துளியின் அருகே நிற்கிறார். இருவரும் தேடுவது ஒன்றையே.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாரி மழை தொடங்கியதும் நம் குடாநாட்டில் டெங்குக் காய்ச்சல் தலைகாட்டுகிறது. காய்ச்சலோடு வரும் பிள்ளையை மருத்துவர் தொட்டுப் பார்த்தவுடன் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. “இரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ” என்கிறார். ஆய்வுகூடத்திலே குருதிச் சிறுதட்டுக்களை எண்ணுகிறார்கள். சுகதேகியின் ஒரு கனமில்லிமீற்றர் குருதியில் அவை 150,000க்குக் குறையாதிருக்க வேண்டும். டெங்கு முற்றும்போது அந்த எண்ணிக்கை சரசரவென இறங்குகிறது. அதோடு குருதியில் செங்குழியங்களின் விகிதம் கூடுகிறதா என்றும் பார்க்கிறார்கள். அது கூடினால், குருதியின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிகிறது என்று பொருள். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீட்டார் ஆறுதலடையும் நேரத்திலேயே இந்தக் கசிவு நேரலாம். அந்த அபாயத்தை முதலில் சொல்வது ஆய்வுகூடத்திலிருந்து வரும் அந்தச் சிறு துண்டுக் கடதாசிதான். பிள்ளையின் உயிர் அதில் தங்கியிருக்கிறது. ஆனால் அதை எழுதியவரின் முகத்தை நாம் பார்ப்பதில்லை.

நம் மண்ணில் தொடங்கிய கதை

இதெல்லாம் நமக்குப் புதியது, மேல்நாட்டிலிருந்து நேற்று வந்தது என்று எண்ண வேண்டாம். வட்டுக்கோட்டைக்கு இதில் நெடிய உறவு உண்டு.

அமெரிக்க மிஷனரிமார் 1816ம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, 1823ல் வட்டுக்கோட்டையிலே செமினரி என்னும் உயர்கல்விக் கூடத்தை நிறுவினார்கள். கணிதம், வானசாஸ்திரம், இரசாயனம் ஆகியவை தமிழோடும் ஆங்கிலத்தோடும் சேர்த்து அங்கே கற்பிக்கப்பட்டன. 1847ல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் இளம் மருத்துவர் அவ்வூருக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அடுத்த ஆண்டில் சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாய்க்குச் சென்று, அங்கே நோயாளரைப் பார்த்துக்கொண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870ல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது மானிப்பாய் வகுப்பு. இன்றும் அங்கே கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கிறீன் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பின்னர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுகிறார்கள். கிராமத்துக்கு வைத்தியர் இல்லை. ஆகவே 1860களில் தமிழிலேயே மருத்துவத்தைக் கற்பிக்க முற்பட்டார். அதற்கு நூல்கள் வேண்டுமே! தாமும் தம் மாணவர்களுமாக மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார்கள். 1867ல் ‘இரண வைத்தியம்’, 1872ல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875ல் ‘கெமிஸ்தம்’, 1883ல் ‘மனுஷ சுகரணம்’ என்று அவை வெளிவந்தன. முதலாவது சத்திர சிகிச்சை, இரண்டாவது உடலின் அமைப்பு, மூன்றாவது இரசாயனம், நான்காவது உடலின் இயக்கம். இந்த நூல்களின் பொருளடக்கத்தை இன்றைய உயிர்மருத்துவ விஞ்ஞானப் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாம் ஆண்டுப் பாடங்களிற் பெரும்பகுதி அங்கே இருக்கும்.

அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். 1873ல் தாயகம் திரும்பிய பின்பும் நூல்களைத் திருத்தும் பணியை அவர் கைவிடவில்லை. 1884ல் அமெரிக்காவிலே காலமானார். தாம் தமிழருக்குப் பணிசெய்த மருத்துவ ஊழியர் என்று தமது கல்லறையிலே பொறிக்கச் செய்தார். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நம் எல்லோருடைய நன்றிக்கும் உரியவர்.

பிற்காலத்திலும் வட்டுக்கோட்டை விஞ்ஞானக் கல்வியை விட்டு விலகவில்லை. 1872ல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1974ல் யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் கிடைத்தபோது, அதன் விஞ்ஞான வகுப்புகள் தொடங்கியதும் அக்கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த கட்டடங்களிலேதான்.

கிறீன் காணாதது

இங்கே ஒரு விஷயத்தைச் சிந்திக்க வேண்டும். கிறீன் வாழ்ந்த காலத்தில் இந்நாட்டை மீண்டும் மீண்டும் வாட்டிய கொள்ளைநோய் வாந்திபேதி. எத்தனையோ நோயாளரை அவர் பார்த்தார். எத்தனையோ பேர் கண்முன்னே மாண்டனர். ஆனால் அந்த நோய் எதனால் வருகிறது என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஜெர்மன் தேசத்தவரான ரொபேட் கொக் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, இறந்தோரின் குடலிலும் மக்கள் புழங்கிய குளத்து நீரிலும் அந்தக் கிருமியை நுணுக்குக்காட்டியினூடே கண்டு உறுதிப்படுத்தியது 1884ம் ஆண்டின் தொடக்கத்தில். அதே ஆண்டு மே மாதத்தில் கிறீன் கண்மூடினார்.

அன்பும் உழைப்பும் ஆற்றலும் கிறீனிடம் நிறைய இருந்தன. இல்லாதது அந்த ஒரு செய்தி. அது கட்டிலருகே கிடைப்பதில்லை, ஆய்வுகூடத்தில்தான் கிடைக்கிறது. நோய்க்கு எதிரான போரில் இரண்டாவது படையணி எவ்வளவு அவசியமானது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1934, 1935ம் ஆண்டுகளில் இலங்கையில் மலேரியாவினால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் கடும் முயற்சியினால் நோய் குறைந்து, 1963ல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா காணப்பட்டது. நோய் ஒழிந்துவிட்டது என்ற நம்பிக்கையில் கண்காணிப்புத் தளர்ந்தது. 1969ல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர்! பாடத்தைக் கற்றுக்கொண்ட பின், காய்ச்சல்காரரின் குருதியைக் கண்ணாடித் தகட்டிலே பூசி நுணுக்குக்காட்டியில் தேடும் வேலை, யுத்த காலத்திலும் வடக்கு கிழக்கில் நின்றுவிடவில்லை. 2012ம் ஆண்டு ஒக்ரோபருக்குப் பிறகு சில ஆண்டுகள் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. நாளெல்லாம் குனிந்திருந்து தகடுகளைப் பார்த்த மனிதருக்கு அந்த வெற்றியில் பெரும் பங்கு உண்டு.

அண்மையில் நடந்ததையும் நினைவுகூருங்கள். 2020ல் கொரோனாத் தொற்றின்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆய்வுகூடத்திலேயே பீ.சீ.ஆர். பரிசோதனைகள் செய்யப்பட்டன. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் குடாநாட்டிலே காரணந் தெரியாத காய்ச்சலால் சிலர் இறந்தனர். ஊரெங்கும் பயம். மாதிரிகளைச் சோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. பெயர் தெரிந்தவுடன் வழியும் தெரிந்தது: வயலில் இறங்குவோருக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கலாம், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலைக்கு வரச் சொல்லலாம்.

வகுப்பறையிலே என்ன?

இப்பட்டப்படிப்பு இடத்துக்கேற்ப மூன்று அல்லது நான்கு ஆண்டு நீடிக்கும். உடலமைப்பு, உடற்றொழில், உயிரிரசாயனம் ஆகியவை அத்திவாரம். அவற்றின்மேல் பல பிரிவுகள் எழுகின்றன. குருதியைப் பற்றிய கல்வி ஒன்று. பற்றீரியா, வைரசு, பங்கசு, ஒட்டுண்ணி ஆகியவற்றைப் பற்றிய நுண்ணுயிரியல் ஒன்று. உடல் தன்னைத் தான் காக்கும் விதத்தைக் கூறும் நிர்ப்பீடனவியல் ஒன்று. உடலிலிருந்து எடுத்த இழையத்தை மெல்லிய சீவலாக்கி, நிறமூட்டி, புற்றுநோய் உண்டா என நோக்கும் இழைய நோயியல் ஒன்று. தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இயல்புகளை ஆராயும் பிறப்புரிமையியலும் உண்டு. அதற்கு அடிகோலியவர் நம் துறவியருள் ஒருவரான அகுஸ்தீன் சபை கிறகர் மென்டல் என்பதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. மடத்துத் தோட்டத்திலே பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்காக எண்ணிக் குறித்து, 1866ல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அவருடைய வாழ்நாளில் அதன் அருமையை உணர்ந்தவர் மிகச் சிலரே.

செய்முறை வகுப்புகள் அதிகம். இதற்குப் பெரிய இயந்திரங்கள் மட்டுமே வேண்டும் என்பதில்லை. கண்ணாடி விரியன் கடித்தவருடைய குருதியில் சிறிதளவை உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இட்டு இருபது நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். பின்னர் மெல்லச் சரித்துப் பார்க்கிறார்கள். குருதி உறையாமல் தண்ணீராக ஓடினால், விஷம் உடலில் ஏறி, உறைதலைக் கெடுத்துவிட்டது என்று அறிகிறார்கள். ஒரு குழாய், ஒரு மணிக்கூடு, இவ்வளவுதான் கருவி! ஆனால் குழாய் ஈரமாக இருந்தாலோ, பொறுமையிழந்து இடையிலே அசைத்தாலோ முடிவு பிழைக்கும். இந்தத் துறை கேட்கும் குணம் எதுவென்று இதிலிருந்து விளங்கும். மின்னல் வேக மூளையைவிட, சலிக்காத கவனமே இங்கு பெரிது. குருதி வகை பார்ப்பவர் ஒருநாள் கவனம் தவறினால், ஏற்றப்படும் குருதியே நோயாளிக்கு எமனாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்திலே இவை ஆங்கிலத்தில்தான் கற்பிக்கப்படுகின்றன. தமிழிலே உயர்தரம் படித்த பிள்ளை முதல் ஆறு மாதம் திணறுவது இயல்பு. பெறுபேறு வந்த நாளிலிருந்து பல்கலைக்கழகம் தொடங்கும் நாள்வரை பல மாதங்கள் கிடைக்கின்றன. அவற்றை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் அந்தத் திணறல் பாதியாகக் குறையும்.

எங்கே படிக்கலாம்?

பெயர்களிலே குழப்பம் நேராதிருக்க, மூன்றைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம். நோய் காணும் பரிசோதனைகளைச் செய்வதற்கே நேராகப் பயிற்றும் பட்டம் இது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களிலும் உண்டு. உயர்தர உயிரியல் பிரிவுப் பெறுபேற்றைக் கொண்டு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மாணவரைத் தெரிவு செய்கிறது. கட்டணமில்லை. யாழ்ப்பாணத்தில் இதனோடு தாதியியலும் மருந்தகவியலும் பட்டப்படிப்புகளாக உள்ளன.

இரண்டாவது, உயிர்மருத்துவ விஞ்ஞானம். இது பரந்த விஞ்ஞானப் பட்டம். ஆராய்ச்சிக்கு நல்ல அத்திவாரம். இந்நாட்டிலே பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரில் தனியார் நிறுவனங்கள் இதை நடத்துகின்றன, கட்டணம் பெரிது.

மூன்றாவது, உயிர்மருத்துவப் பொறியியல். வைத்தியசாலைக் கருவிகளை வடிவமைப்பதும் பராமரிப்பதும் இதன் வேலை. கணிதமும் பௌதிகமும் இதற்கு அடிப்படை. பெயர் ஒத்திருப்பதால் ஏமாந்துவிடக்கூடாது.

விண்ணப்பப் படிவத்திலே பலர் மருத்துவம், பல் மருத்துவம் என்று இரண்டை எழுதிவிட்டு, மற்றவற்றை யாரோ சொன்ன ஒழுங்கிலே நிரப்புகின்றனர். பின்னர் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்துக்குத் தகுதியிருந்தும் விருப்பு ஒழுங்கிலே அதை எழுதாமையால் இழக்கின்றனர். அந்தப் படிவத்தை நிரப்பும் மாலை நேரம், பதின்மூன்று ஆண்டுப் படிப்புக்குச் சமமான பெறுமதி உடையது. பெற்றோரும் பிள்ளையும் அருகருகே இருந்து கைநூலைப் பக்கம் பக்கமாக வாசித்து நிரப்புங்கள்.

படித்தபின் என்ன வேலை?

அரச வைத்தியசாலைகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகலாம். இரத்த வங்கியில் பணியாற்றலாம். மருந்து உற்பத்தி நிலையங்களில் தரம் பார்க்கலாம். நீர், உணவு ஆகியவற்றைச் சோதிக்கும் நிலையங்களும், பரிசோதனைக் கருவிகளை விநியோகிக்கும் கம்பனிகளும் இத்துறையினரைத் தேடுகின்றன. கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி உதவியாளராகத் தொடங்கி, முதுமாணி, கலாநிதிப் பட்டங்கள் பெற்று, விரிவுரையாளராகவும் ஆராய்ச்சியாளராகவும் உயரலாம். புதிய மருந்துகளை மனிதரிடம் பரீட்சிக்கும் ஆய்வுகளை ஒழுங்குசெய்யும் வேலையும் இப்போது வளர்ந்து வருகிறது.

வெளிநாட்டிலும் இடமுண்டு. ஆனால் வாசல் திறந்தே கிடக்கவில்லை. பிரித்தானியாவில் ‘உயிர்மருத்துவ விஞ்ஞானி’ என்ற பட்டப்பெயரைச் சட்டம் காக்கிறது. உரிய பதிவேட்டில் பெயர் பதியப்பட்டவரே அதைப் பயன்படுத்தலாம். அங்கீகாரம் பெற்ற பட்டமும், அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் பயிற்சியும் அதற்கு வேண்டும். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தகுதி மதிப்பீடு, தொழிற் பரீட்சை என்று தனித்தனி முறைகள் உள்ளன.

காசு கட்டுமுன் மூன்று கேள்விகள்

அன்று அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுவே: “காணியைப் பற்றி இப்ப யோசிக்க வேண்டாம். முதலிலை மூண்டு கேள்வியை ஒரு கடதாசியிலை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கோ. வாயாலை சொல்லுறதை நம்பாதேங்கோ, எழுத்திலை வாங்குங்கோ.”

முதற் கேள்வி: இந்தப் பட்டத்தைப் பெற்றவர் இலங்கை மருத்துவ சபையிலே ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகப் பதிவுபெற முடியுமா? பரந்த விஞ்ஞானப் பட்டம் எல்லாமே அந்தப் பதிவுக்கு உரியதன்று. பதிவில்லாவிடில் வைத்தியசாலை ஆய்வுகூடக் கதவு திறப்பது கடினம். நிறுவனத்தைக் கேட்பதோடு நில்லாது, மருத்துவ சபையையும் நேரே கேட்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: பட்டத்தை வழங்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை நம் மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா? அந்நாட்டுத் தொழில் நிறுவனம் குறிப்பிட்ட இந்தப் பட்டத்தை, இங்கே நடத்தப்படும் வடிவில், அங்கீகரித்திருக்கிறதா? பல்கலைக்கழகம் புகழ்பெற்றது என்பது மட்டும் போதாது.

மூன்றாம் கேள்வி: முழுச் செலவு எவ்வளவு? முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்லி, இறுதி ஆண்டுக்கு வெளிநாடு செல்ல வேண்டும் என்பதைப் பின்னர் சொல்லும் இடங்களும் இருக்கலாம். நாணய மாற்று ஏறினால் கட்டணமும் ஏறும். 2022ல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நமக்குத் தெரியும்.

மைத்துனர் சொன்னதற்கும் விடை சொல்லிவிடுவோம். இந்தப் பட்டம் பெற்றவர் டொக்டராக நோயாளரைப் பார்த்து மருந்தெழுத முடியாது. இங்குள்ள அரச மருத்துவ பீடங்களுக்கு உயர்தரப் பெறுபேற்றின்படியே அனுமதி. இப்பட்டம் அதற்குக் குறுக்குவழி அல்ல. சில வெளிநாடுகளில் பட்டதாரிகளை மருத்துவத்துக்குச் சேர்ப்பதுண்டு. போட்டியும் செலவும் மிக அதிகம். ஆகவே மருத்துவத்துக்குப் பின்கதவு என்று எண்ணி எவரும் இதிலே நுழையவேண்டாம். அப்படி நுழைந்தவர் நான்கு ஆண்டும் வாசற்படியிலேயே நிற்பார். இதற்காகவே இதை விரும்பிப் படிப்பவர் உள்ளே சென்று அமர்வார்.

இரகசியமும் மனச்சாட்சியும்

நம் ஊர்கள் சிறியவை. ஆய்வுகூடத்தில் இருப்பவர் அயலவரின் குருதியைச் சோதிப்பார்; உறவினரின் சிறுநீரைச் சோதிப்பார். திருமணம் பேசப்பட்டிருக்கும் ஒரு பிள்ளையின் நோயும், ஒரு குடும்பத்தின் துயரமும் அந்த மேசையிலே எழுத்தாக வரும். பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். ஆய்வுகூட மேசைக்கும் அதற்குரிய இரகசியம் ஒன்று உண்டு. சந்தையிலே, கோயில் முற்றத்திலே, ஏன், சாப்பாட்டு மேசையிலே கூட அதைத் திறக்கக்கூடாது.

சோதிக்காமலே முடிவெழுதும் சோதனையும் வரும். வேலை நெருக்கடி, களைப்பு, “எல்லாம் வழக்கமானதுதானே” என்னும் எண்ணம். அந்த ஒரு பொய் இலக்கம் ஒரு மனிதனின் சிகிச்சையையே திருப்பிவிடும்.

கத்தோலிக்க மாணவர் சில துறைகளில் கடினமான கேள்விகளையும் சந்திப்பர். ஆய்வுகூடத்திலே மனிதக் கருக்களை உருவாக்குதல், உறையவைத்தல், அழித்தல் பற்றித் திருச்சபை 1987லும் 2008லும் போதனை ஏடுகளை வெளியிட்டு, கருவின் மனித மாண்பை வலியுறுத்தியுள்ளது. வேலைக்குச் சேர்ந்தபின் தடுமாறுவதைவிடப் படிக்கும்போதே அவற்றை வாசித்து, ஆன்ம குருவோடு உரையாடி, தெளிவு பெறுவது நன்று.

ஊருக்கு யார்?

கிறீன் அன்று கண்ட கவலை இன்றும் நம்மோடிருக்கிறது. படித்தவர் போய்விடுகின்றனர். போகிறவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. போர்க்காலத்திலே போகவேண்டியிருந்தது, இன்றும் பலருக்கு வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது. ஆயினும் பிள்ளை படிக்கத் தொடங்குமுன்பே வெளிநாட்டைக் காட்டித்தான் அப்படிப்பின் பெறுமதியை அளக்க வேண்டுமா?

சங்கானையிலும் மூளாயிலும் தெல்லிப்பழையிலும் வைத்தியசாலைகள் உள்ளன. அங்கே ஒரு மூதாட்டி கையிலே பரிசோதனைக் கடதாசியை வைத்துக்கொண்டு, அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கிலே இருக்கிறார். முழுவதும் ஆங்கில எழுத்து, இலக்கங்கள். “அம்மா, சீனி கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பயப்பட வேண்டாம், டொக்டர் ஐயாவிட்டைக் காட்டுங்கோ” என்று தமிழில் ஒரு சொல் சொல்லக்கூடியவர் அங்கே வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கிறீனும் அவர் மாணவரும் இரவிரவாக விளக்கொளியில் தேடித் தேடித் தமிழ்ச் சொல் அமைத்தது அந்த வாங்கிலிருப்பவருக்காகவே. ஆங்கிலத்திலே படிக்கும் நம் பிள்ளைகள், தாம் படித்ததைத் தாய்மொழியில் சொல்லத் தெரியாதவர்களாகிவிடக் கூடாது.

அந்த வீட்டுப் பிள்ளையின் பெற்றோருக்குக் கடைசியாக ஒன்று சொன்னோம். பிள்ளை தோற்றுவிடவில்லை. மூன்று பாடத்திலும் சித்தியடைந்த பிள்ளையை, உறவினர் முகத்தைப் பார்த்து, தோற்றவளாக ஆக்கிவிடாதீர்கள். தாயார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்கப் போனார். நாம் புறப்படும்போது பிள்ளை ஒரு கொப்பியை எடுத்து வந்து, மூன்று கேள்விகளையும் திரும்பச் சொல்லுமாறு கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு, “சுவாமி, அந்தப் பாம்புக்கடிச் சோதனை… இருபது நிமிஷம் ஏன்? பத்து நிமிஷம் காணாதோ?” என்றாள்.

எமக்கு விடை தெரியவில்லை. ஆனால் அவள் எந்தப் படிப்புக்கு உரியவள் என்பது தெரிந்துவிட்டது.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் பிள்ளைக்கு எது விருப்பம் என்று கேட்டிருக்கிறோமா? அல்லது எது நமக்குப் பெருமை என்று மட்டும் பார்த்திருக்கிறோமா?

2. கடைசியாக நம் வீட்டில் ஒருவர் நோயுற்றபோது, அந்நோயைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் உழைத்தார்கள்? அவர்களுள் எத்தனை பேரை நாம் கண்டோம்?

3. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கைநூலை வீட்டில் யாராவது முழுவதும் வாசித்திருக்கிறார்களா? இல்லையென்றால், எந்த நாள் மாலையில் அதைச் சேர்ந்திருந்து வாசிக்கப் போகிறோம்?

4. பிறருடைய நோயைப் பற்றிய செய்தி நம் காதுக்கு எட்டினால், அது நம்மோடு நின்றுவிடுகிறதா?